வெயில் பாதுகாப்புப் பயிற்சி: தார்பாய்க்கு ஐந்து நட்சத்திரம், ஸ்லைடுக்கு இரண்டு

எங்கள் சைட்டில் ஏப்ரல் நடுவில் ஒரு அரை நாள் பயிற்சி நடந்தது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு என்னென்ன வரும், வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று நாலு மணி நேரம். ஆளுக்கு 350 ரூபாய், குறைந்தது 40 பேர் இருக்க வேண்டும், ஜிஎஸ்டி தனி. நடத்தியது ஒரு சின்ன நிறுவனம், பெயர் போடவில்லை, ஏனென்றால் குறை நிறையச் சொல்லப்போகிறேன், அதில் பாதி எங்கள் பக்கத்துக் குறை. பணம் கம்பெனி கட்டியது, நான் உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும் உள்ள சம்பந்தம்.

நான் சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடி சைட்டில் எஞ்சினியர். இந்தப் பயிற்சியை வைக்கச் சொல்லி மேலே கெஞ்சிக்கொண்டிருந்தவனும் நான்தான். காரணம் போன வருஷம் மே மாதம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ஒரு பையன், ரெண்டாவது நாள் ஸ்லாப் மேல் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன், மதியம் மூணு மணிவாக்கில் ஏதோ உளற ஆரம்பித்தான். ஒடியாவில் பேசியதால் எங்களுக்கு அது உளறல் என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அவன் ஊர்க்காரனும் ராத்திரி குடித்திருப்பான் என்று சிரித்தான். அப்புறம் கட்டுக்கம்பிக் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தான், சாய்ந்தான். நாங்கள் என்ன செய்தோம்? சோடா வாங்கி முகத்தில் தெளித்தோம், ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், நான் ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர 40 நிமிடம். அந்த 40 நிமிடமும் அவன் உடம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. பிழைத்துவிட்டான், ஆனால் சிறுநீரகத்தில் பிரச்சினை என்று 11 நாள் படுக்கை, அப்புறம் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் சாய்ந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் சிமெண்ட் மூட்டை மூடும் தார்பாயும், கான்கிரீட்டை நனைக்கிற கியூரிங் தண்ணீர் பைப்பும் கிடந்தன. அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

முதல் 45 நிமிடம் ஸ்லைடு. இதற்கு என்னால் ரெண்டு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க முடியாது. எங்கிருந்தோ அமெரிக்கப் பாடத்தை இறக்கி, தமிழில் எழுத்து மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று மூணாவது ஸ்லைடிலேயே தெரிந்துவிட்டது. ஆரஞ்சு சட்டை போட்ட வெள்ளைக்காரர் பெரிய தொப்பியோடு ஸ்ட்ராபெரி தோட்டத்தில் நிற்கிறார். அதற்குக் கீழே, '80 டிகிரி தாண்டினால் நிழல் ஏற்பாடு கட்டாயம்' என்று ஒரு வரி. ஒரு நிமிடம் கூடத்தில் சத்தமே இல்லை. 80 டிகிரியா? அப்புறம்தான் புரிந்தது, அது ஃபாரன்ஹீட், கலிஃபோர்னியா மாநிலத்து விதி. நம் கணக்கில் 27 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. நம் ஊரில் கத்திரி மாதம் விடியற்காலை நாலு மணிக்குக்கூட 27-க்குக் கீழே இறங்காத நாள் உண்டு. அந்த விதிப்படி பார்த்தால் சென்னையில் ராத்திரிக்கும் பந்தல் போட வேண்டும். சிரித்துவிட்டோம். ஆனால் பயிற்சியாளர் சிரிப்போடு விட்டுவிட்டார். அந்த மாநிலம் 2005-லேயே வெயிலுக்கென்று தனி விதி கொண்டுவந்தது, வயலில் ஆள் செத்த பிறகுதான் கொண்டுவந்தது என்று ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஸ்லைடுக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இன்னொன்று, எல்லாம் தமிழில். உட்கார்ந்திருந்த 46 பேரில் எனக்குத் தெரிந்து தமிழ் நன்றாகப் புரிந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம். எங்கள் ஸ்டோர் கீப்பர் பாதிப் பாதியாக இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கு வராத இடத்தில் கையை ஆட்டினார். முன்பதிவு செய்யும்போதே என்ன மொழி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு ரெண்டு பக்கமும்.

ஸ்லைடில் ஒரு நிஜமான பிழையும் இருந்தது, இதை அவர்களிடமே சொன்னேன், திருத்துவதாகச் சொன்னார்கள். வெப்பத்தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக், வந்தால் வேர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வயசானவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து பாதிக்கப்படும்போது அப்படி இருக்கலாம். ஆனால் உடம்பு வளைத்து வேலை செய்கிறவனுக்கு வரும்போது பல சமயம் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். போன வருஷம் அந்தப் பையனைத் தூக்கியவன் நான், என் கையெல்லாம் அவன் வேர்வை. 'வேர்க்குதே, அப்ப ஒண்ணும் இல்லை' என்று எவனாவது முடிவு பண்ணிவிட்டால் போச்சு. பார்க்க வேண்டியது வேர்வையை அல்ல, புத்தி தடுமாறுகிறதா என்பதை. பேரைக் கேட்டால் சொல்கிறானா, இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிகிறதா, நடை தள்ளாடுகிறதா. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளைதான் முதலில் தடுமாறும்.

இப்படித் திட்டிக்கொண்டே போகிறேனே என்று நினைக்க வேண்டாம். டீ இடைவேளைக்குப் பிறகு நடந்தது வேற லெவல்.

எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். பயிற்சியாளரோடு வந்த அம்மா முன்பு நர்ஸாக இருந்தவராம், ஐம்பது வயசு இருக்கும், குரல் மைக் இல்லாமலே மூணாவது மாடிக்குக் கேட்கும். எங்கள் தார்பாயையே கேட்டு வாங்கினார். ஒரு சென்ட்ரிங் பையனைப் படுக்கச் சொன்னார். ஹெல்மெட், ஷூ, மேல்சட்டை எல்லாம் கழற்றியாயிற்று. தார்பாய் விளிம்பைச் சுற்றி எட்டுப் பேர் பிடித்து இடுப்பளவுக்குத் தூக்க, நடுவில் பையன் தொட்டிலில் கிடக்கிற மாதிரி. கியூரிங் பைப்பைத் திறந்துவிட்டார். மீன்கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டார். 'ஆட்டுங்க, ஆட்டுங்க, தண்ணி உடம்பு மேல ஓடணும்' என்று கத்தினார். எட்டுப் பேரும் ஆட்ட, பையன் முதலில் சிரித்தான், ஐஸ் முதுகுக்கு அடியில் போனதும் 'அய்யோ அக்கா போதும்' என்று எழுந்து ஓடினான். மொத்தக் கூட்டமும் சிரித்தது, மொழி தெரியாதவனும் சிரித்தான், ஆனால் ஒருத்தன்கூட அதை மறக்க மாட்டான்.

அந்த அம்மா சொன்னதில் என் மண்டையில் நின்றது ஒன்றுதான்: முதலில் குளிர வை, அப்புறம் தூக்கிக்கொண்டு போ. 108-க்கு ஒருத்தன் போன் பண்ணட்டும், மற்றவர்கள் தண்ணீர் ஊற்றட்டும், வண்டி வரும் வரைக்கும் நிறுத்தாதே. நிழலில் கிடத்தி ஈரத்துணியால் விசிறிக்கொண்டு உட்காருவது மயக்கம், களைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு வரைக்கும் சரி. புத்தி தடுமாறிவிட்டால் அது பத்தாது, ஆளையே நனைக்க வேண்டும், முடிந்தால் முக்கவே வேண்டும். நினைவு சரியில்லாதவன் வாயில் தண்ணீர், சோடா, மோர் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை போடாதே, இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைக்கு இந்தச் சூட்டை இறக்கத் தெரியாது. சாவிக்கொத்து விஷயத்தை நானே வெட்கத்தோடு கேட்டேன். 'சாவிய வெச்சு கதவத் தொறங்க தம்பி, காத்தாவது வரட்டும்' என்றார்.

அந்த 40 நிமிடத்தை நினைத்துக்கொண்டே நின்றேன். பத்தடி தூரத்தில் தார்பாய்.

அடுத்து, வெக்கையை அளக்கிற, மூணு குச்சி நட்ட ஒரு மீட்டரைக் காட்டினார்கள். ஒன்றில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர், ஒன்றில் கறுப்பு உருண்டை, ஒன்று சாதாரணம். ஈரத்துணிக்குப் பத்தில் ஏழு பங்கு, கறுப்பு உருண்டைக்கு ரெண்டு பங்கு, சாதாரணத்துக்கு ஒரு பங்கு என்று சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். டபிள்யூபிஜிடி என்பார்கள். நண்பகலில் ஏழாவது மாடி ஸ்லாப் மேல் வைத்தோம். என் போன் 37 என்றது, மீட்டர் 33.8 என்றது. உடனே ஒரு மேஸ்திரி, 'என்ன சார், நம்ம போனை விடக் கம்மியாத்தானே காட்டுது' என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். இங்கேதான் பயிற்சியாளர் நிஜமாகவே நன்றாகச் செய்தார். இந்த எண் வேறு, அந்த எண் வேறு என்று சொல்லி, ஈரத்துணியைக் கையில் கொடுத்து, 'இது காயுதா பாருங்க' என்றார். காயவில்லை. கடல் பக்கத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம், வேர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும், ஆவியாகாமல் சொட்டினால் அது வீண் வேர்வை. வேலூரில் 41 அடிக்கிறது, நம்ம ஊரில் 37-தான் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அதில் அர்த்தமில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கம்பி மேஸ்திரி கை தூக்கினார், புதுக்கோட்டைக்காரர், ஆறு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். 'அங்க இது 32 காட்டினா மணிக்குப் பத்து நிமிஷம் நிழல்ல உக்காரணும் சார், 33-ன்னா பதினஞ்சு நிமிஷம், சேஃப்டி ஆளு வந்து விரட்டுவான்' என்றார். அங்கே வெளியில் கடின வேலை செய்பவர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து அப்படி விதி. கத்தாரில் 32.1 தாண்டினால் வெளிவேலையே நிறுத்த வேண்டும். கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரைக்கும் மீட்டர் பார்க்காமலே வெளியில் வேலை கிடையாது. நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில் 33.8. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீட்டரைப் பார்த்தேன்.

தண்ணீர் பற்றிய பகுதி சுமார். ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று ஸ்லைடு சொன்னது, அதனால் பிரயோஜனம் இல்லை. காலையில் மொத்தமாகக் குடித்துவிட்டு மதியம் வரைக்கும் கேனைத் தொடாத ஆட்களை எனக்குத் தெரியும். அந்த அம்மா சொன்ன விதம் சரி: கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் வரும் வரைக்கும் காத்திருக்காதே, ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் போகாதே, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். ஓஆர்எஸ் கதை இன்னும் நல்ல கதை. எங்கள் ஆபீஸ் பையன் 20 லிட்டர் கேனில் ரெண்டு பாக்கெட் கொட்டி, 'ஓஆர்எஸ் தண்ணி' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டி வைத்திருந்தான். அம்மா பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார், 21 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர். 20 லிட்டருக்கு 20 பாக்கெட். 'ரெண்டு போட்டா அது ஓஆர்எஸ் இல்ல, ஓஆர்எஸ் வாசனை' என்றார். ஆனால் எல்லோரும் நாள் முழுக்க அதையே குடிக்க வேண்டியதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறவனுக்கு வெறும் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் போதும், மணிக்கணக்கில் கொட்டுகிறவனுக்குத்தான் அது என்றார். காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வருகிறவர்களைக் கை தூக்கச் சொல்லிப் பாராட்டினார். நாலு கைதான்.

சிறுநீர் நிற அட்டை ஒன்று கொடுத்தார்கள், லேமினேட் செய்தது, கழிவறைக் கதவில் ஒட்ட. இது 350 ரூபாயில் நல்ல சரக்கு. எலுமிச்சைச் சாறு நிறம் சரி, மஞ்சள் ஏற ஏறத் தண்ணீர் பத்தவில்லை, டிகாஷன் நிறத்தில் போனால் தண்ணீர் குடித்து உட்காராதே, நேராக டாக்டரிடம் போ, தசை சிதைந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது என்று அர்த்தம். நீர்க்கடுப்பு என்றால் 'சூடு பிடிச்சிருக்கு' என்று வெந்தயம் முழுங்கிவிட்டு வேலைக்கு வருகிற ஆட்களுக்கு இது தெரிய வேண்டும்.

அட்டையை வாங்கிக்கொண்டே ஒரு சித்தாள் அக்கா கேட்டார், 'குடிக்கச் சொல்றீங்க தம்பி, குடிச்சா எங்க போறது?' ஏழாவது மாடியில் வேலை, பெண்களுக்கான கழிவறை தரைத்தளத்தில் ஒன்று, லிஃப்ட் கிடையாது, இறங்கி ஏறினால் இருபது நிமிடம், மேஸ்திரி முறைப்பார். அதனால் அவர்கள் காலையிலிருந்து மதியம் வரைக்கும் தண்ணீரே குடிப்பதில்லை. பயிற்சியாளரிடம் பதில் இல்லை. 'மேனேஜ்மென்ட்கிட்ட பேசுங்க' என்றார். மேனேஜ்மென்ட் சார்பில் அந்த இடத்தில் இருந்தவன் நான். இதற்கு அவர்கள் நட்சத்திரத்தைக் குறைக்க முடியாது, எங்களுடையதைத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். பயிற்சியிலேயே முக்கியமான விஷயம் உடம்பை வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது, அதற்கு அவர்கள் ஒதுக்கியது கடைசிப் பத்து நிமிடம். அமெரிக்காவில் ஓஷா என்கிற பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி, வேலையிடத்தில் வெயிலால் செத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் நாளிலேயே செத்திருக்கிறார்கள், நூற்றுக்கு எழுபதுக்கு மேல் முதல் வாரத்துக்குள். புது ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலை ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும், அப்புறம் தினம் ஒரு பங்கு கூட்டலாம். எட்டு மணி நேர வேலை என்றால் முதல் நாள் ஒன்றரை மணி நேரம் சொச்சம், மிச்ச நேரம் நிழலில் வேறு வேலை. பழைய ஆளும் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் போய்விட்டு வந்தால் அவன் உடம்பும் பழக்கத்தை விட்டிருக்கும், பாதியிலிருந்து தொடங்க வேண்டும். போன வருஷம் அந்தப் பையன் விழுந்தது ரெண்டாவது நாள். இந்த ஒரு ஸ்லைடை முதலில் போட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் தூக்கி எறிந்திருந்தால்கூட நான் நாலு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

அதைவிட, இதைக் கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. கம்பிக்காரர்களுக்குக் கூலி டன் கணக்கு. ஒரு மணிக்குப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் அது அவர்கள் காசு. எப்போது உட்காரலாம், புது ஆளை எங்கே நிறுத்தலாம் என்று முடிவு பண்ணுவது சப்-கான்ட்ராக்டர். அவர் 10 மணிக்கு வந்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், குரூப் போட்டோவில் நின்றார், 10.20-க்குப் போய்விட்டார். சான்றிதழ் அவருக்கும் வந்தது, நாலு மணி நேரம் வெற்றிகரமாக முடித்ததாக. பயிற்சி நிறுவனத்திடம் இதைக் கேட்டேன். போட்டோவில் இருக்கும் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம் என்றார்கள். வழக்கமாம். ஓய்வெடு, தண்ணீர் குடி, நிழலுக்குப் போ என்று, அதை முடிவு செய்ய உரிமை இல்லாதவனிடம் நாலு மணி நேரம் சொல்லிவிட்டு, உரிமை உள்ளவனை இருபது நிமிடத்தில் விட்டுவிட்டால் அது என்ன பயிற்சி?

அரசாங்கத்தைப் பற்றி ஒரு ஸ்லைடாவது வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. ஸ்ட்ராபெரி தோட்டத்தை எடுத்துவிட்டு இதைப் போடலாம்.

பயிற்சி முடிந்து மூணு வாரம் ஆகிறது. என்ன மாறியது என்றால், தண்ணீர் கேன் இப்போது வேலை நடக்கும் மாடியிலேயே இருக்கிறது, கீழே இல்லை. ஸ்லாப் மூலையில் பச்சை வலை கட்டி நாலு பெஞ்ச் போட்டிருக்கிறோம். கான்கிரீட் போடுவதை விடியற்காலைக்கு மாற்றியாயிற்று, பம்ப் ஆபரேட்டர் மட்டும் இன்னும் முனகுகிறார். ரெண்டு ரெண்டு பேராகச் சேர்த்துவிட்டு, ஒருத்தன் இன்னொருத்தனிடம் அடிக்கடி பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம், அதுவும் ஒரே மொழிக்காரர்களாக, அது போன வருஷப் பாடம். தார்பாய் ஒன்றைத் தனியாக மடித்து முதலுதவிப் பெட்டி பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன், அதைச் சிமெண்ட் மூடக் கேட்டு யாராவது வந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். மீட்டர் இன்னும் வாங்கவில்லை, கொட்டேஷன் மேலே போயிருக்கிறது.

மாறாதது: போன திங்கட்கிழமை புதிதாக ஏழு பேர் வந்து இறங்கினார்கள், செவ்வாய்க்கிழமை காலையில் நான் வருவதற்குள் ஏழு பேரும் ஸ்லாப் மேல் கம்பி தூக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே இறக்கி நிழலில் ஸ்டிரப், அதாவது கம்பி வளையம், வளைக்க உட்கார வைத்தேன். சப்-கான்ட்ராக்டர் ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இந்த நிறுவனத்தைக் கூப்பிடலாமா என்று கேட்டால், கூப்பிடுங்கள், ஆனால் பேரம் பேசிக் கூப்பிடுங்கள். ஸ்லைடு வேண்டாம், அந்த அம்மா வரவேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். ஏப்ரலில் வைக்காதீர்கள், பிப்ரவரி கடைசியில் வையுங்கள். உங்கள் ஆட்கள் பேசும் மொழியில் சொல்ல ஒருத்தர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கான்ட்ராக்டர் கடைசி வரைக்கும் உட்காராவிட்டால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தத்தில் மூன்றரை நட்சத்திரம், அதில் மூணு அந்தத் தார்பாய்க்கு மட்டும்.

அந்த அக்கா கேட்ட கழிவறை நாலாவது மாடியில் வந்துவிட்டது. தண்ணீர் வருகிறது, அட்டையும் ஒட்டியாயிற்று. கதவுக்குத் தாழ்ப்பாள்தான் இன்னும் போடவில்லை, கார்பெண்டர் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.